பழைய கணினியில் ஐ.ஆர்.க்யூ மோதல்: சரிசெய்வது எப்படி?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரின் பல வருடக் கணக்கு பழைய விண்டோஸ் 98 கணினியில் இருந்தால், அது அடிக்கடி உறைந்து நிற்பது சின்ன விஷயமல்ல. மோடம் கார்டைப் பொருத்தியதும் மவுஸ் நின்றுவிடுகிறதா? பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். அது மோதலாக இருக்கலாம்.

சாதனங்கள் பிராசஸரை அழைக்க இக்கணினிகளில் 0 முதல் 15 வரை 16 ஐ.ஆர்.க்யூ எண்களே உண்டு. வழக்கமாக காம்1, காம்3 இரண்டுக்கும் 4. காம்2, காம்4 இரண்டுக்கும் 3. காம்1-இல் மவுஸும் காம்3-இல் மோடமும் இருந்தால் மோதல் வரும்.

முதலில் கணக்குக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ள சாதனத்தைக் கவனியுங்கள். பயாஸில், பயன்படாத காம்2 போர்ட்டை நிறுத்துங்கள். பின்பு மின் இணைப்பைத் துண்டித்து, மோடத்தின் ஜம்பரை காம்2-க்கு மாற்றுங்கள். அப்போதும் தீராவிட்டால் கூடுதல் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.