பௌத்த தியானத்தில் சினமும் துயரமும்

சினம், அச்சம், துயரம், பொறாமை போன்றவை எழும்போது அவற்றை அமுக்கிவிடாமலும் அவற்றுக்கு ஆட்பட்டுவிடாமலும் இருக்கப் பௌத்தர்கள் வளர்த்தெடுத்த பயிற்சிகள் இரு வகைப்படும். நிகழ்வதை நிகழும்போதே அறியும் கவனம் (பாலியில் சதி) ஒன்று. பகைவர்வரை விரியும் அன்பை மனத்தில் வளர்க்கும் மெத்தா மற்றொன்று. இன்று உலகெங்கும் பரவியிருப்பது பெரும்பாலும் முன்னது. பழைய மரபில் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

கவனப் பயிற்சிக்கு அடிப்படை, புத்தர் உரைகளின் பாலித் தொகுப்புகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆவது சூத்திரமான சதிபட்டான சுத்தம். குரு நாட்டின் கம்மாசதம்மம் என்னும் ஊரில் புத்தர் உரைத்ததாக அமைந்த இது, உடல், இன்ப துன்ப நுகர்வு, உள்ளம், தம்மங்கள் (மனத்தில் எழுபவை) என நான்கில் கவனத்தை நிலைநிறுத்தச் சொல்கிறது. உள்ளத்தில் வெறுப்பு இருந்தால் இருக்கிறதென்றும், இல்லையென்றால் இல்லையென்றும் அறிய வேண்டும். அதோடு நிற்பதில்லை. வெறுப்பு எதனால் எழுந்தது, எப்படி நீங்கும், நீங்கியது மறுபடி எழாதிருக்க என்ன வழி என்பதையும் அறிய வேண்டும். தியானம் என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்ற இன்றைய எண்ணத்தில் விடுபட்டுப்போவது இந்தப் பிற்பகுதிதான். அதே நிகாயத்தின் 20ஆவது சூத்திரம் தீய நினைவுகளை விலக்க ஐந்து வழிகளைப் படிப்படியாகத் தருகிறது. மற்ற நான்கும் பலிக்காதபோது பல்லைக் கடித்து மனத்தை அடக்குவதும் அவற்றுள் உண்டு. சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தம் துன்பத்தை இரண்டு அம்புகளாகப் பிரிக்கிறது: உடல் படும் வலி முதல் அம்பு, அதனால் மனம் படும் தவிப்பு இரண்டாவது. பயின்றவருக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கும்.

சினத்தைப் பற்றி மிக விரிவாக எழுதியவர் பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்னும் நூலை இயற்றிய புத்தகோசர். தாம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்னும் தேரருடன் தங்கியிருந்ததை அங்குத்தர நிகாய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். விசுத்திமக்கத்தின் 9ஆம் இயல், மெத்தாவை முதலில் தன்மீதும், பிறகு அன்புக்குரியவர்மீதும், பின்னர் வேண்டியவரும் வேண்டாதவருமல்லாத ஒருவர்மீதும், கடைசியில் பகைவர்மீதும் செலுத்தச் சொல்கிறது. பகைவரை நினைத்ததும் பழைய கோபம் பொங்கினால் என்ன செய்வது? அவரிடம் உள்ள நல்ல குணம் ஒன்றையாவது தேடிப் பார்க்கலாம். எண்ணற்ற பிறவிகளில் அவர் ஒருமுறை நம் தாயாக இருந்திருப்பார் என எண்ணலாம். அவருடைய முடிமீது கோபமா, நகத்தின்மீது கோபமா என்று ஆளைக் கூறுகூறாகப் பிரித்துக் கேட்கலாம். எதுவும் உதவாவிட்டால் அவருக்கு ஒரு பொருளைக் கொடுக்கலாம், அல்லது அவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். கோபக்காரரின் உள்ளம் ஒரே மருந்துக்கு வசப்படாது என்பதை அறிந்த ஒருவர் எழுதிய பகுதி இது.

தமிழிலும் இதே நெறி பதிவாகியிருக்கிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் கடைசிக் காதையில் துறவி அறவண அடிகள், துன்பம் எழும் காரணத் தொடரான பன்னிரு நிதானங்களை விளக்கிவிட்டு, காமம், வெகுளி, மயக்கம் மூன்றுக்கும் தனித்தனி மருந்து சொல்கிறார். வெகுளிக்கு அவர் தரும் மருந்து மைத்திரி, கருணை, முதிதை.

கவனப் பயிற்சி துறவிகளைத் தாண்டி இல்லறத்தாரிடம் பெருமளவில் வந்தது பர்மாவில். 1885இல் பிரிட்டிஷார் மண்டலே அரசைக் கவிழ்த்தபின், அரச ஆதரவை இழந்த பௌத்த நெறியை (சாசனத்தை) மக்களே தாங்க வேண்டும் என்று லெடி சயாடோ (1846–1923) ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1949 முதல் ரங்கூனில் பயிற்றுவித்த மகாசி சயாடோ, எழும் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறிக்கச் சொன்னார்; கோபம் வந்தால் 'கோபம், கோபம்' என்று. பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின் உடலில் தோன்றும் உணர்வுகளை முதன்மையாக்கினார். கடும் ஒற்றைத் தலைவலி தீர 1955இல் அவரிடம் சென்ற வணிகர் எஸ். என். கோயங்கா, 1969இல் இந்தியாவுக்கு வந்து பத்து நாள் விபாசனா முகாம்களைத் தொடங்கினார். வடிவமற்ற கோபத்தைப் பார்ப்பது அரிது. ஆனால் கோபம் வந்ததும் மூச்சு மாறும், உடலில் ஏதோவொன்று துடிக்கும், அவற்றைப் பார்க்கலாம் என்பது அவர் விளக்கம். 1994 ஏப்ரலில் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அவர் நடத்திய ஒரே முகாமில் அமர்ந்தார்கள்.

மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுசென்றவர் ஜான் கபாட்-சின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தீராவலி நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய பயிற்சி பின்னர் எட்டு வார வடிவம் பெற்றது. சமயச் சொற்கள் அதில் இல்லை. உளவியலாளர்களான சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் அதை மனச்சோர்வு திரும்பாமல் தடுக்கும் சிகிச்சையாக்கினர். 2000இல் வெளியான அவர்களின் ஆய்வில், மூன்று முறைக்குக் குறையாமல் மனச்சோர்வு கண்டிருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கும், இப்பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கும் 60 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. இருமுறை மட்டும் கண்டிருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

தியானத்தின்போது கடும் அச்சமும் பதற்றமும் எழுவதுண்டு என்பதைப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகப் பதிவு செய்தனர். பயிற்சி தருவோர் ஆளறிந்து தர வேண்டாமா என்ற கேள்வியை இது எழுப்பியிருக்கிறது. விசுத்திமக்கத்தில் இதற்கு ஏற்பாடு உண்டு. அது மனிதரின் இயல்பை ஆறாகப் பிரிக்கிறது. வெகுளி இயல்பினருக்கு உரிய தியானப் பொருள்கள் எட்டு: மெத்தா முதலிய நான்கு உயர்ந்த மனநிலைகளும் (பிரம்ம விகாரங்கள்), நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்னும் நான்கு வண்ணங்களும்.