கடாரத்துக்கு ஒரு பள்ளிப் பேருந்து

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஹஜ், உம்ரா சாமான்கள் விற்கும் கடைகளில் சிறுவர் அளவிலும் இஹ்ராம் துணி கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இஹ்ராம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பும் இங்குள்ள முஸ்லிம் பெற்றோருக்குத் தெரியும், அது ஹஜ் ஒத்திகை நாளுக்கு. திடலின் நடுவே பலகையும் கறுப்புத் துணியும் சேர்ந்து ஒரு சின்னக் கஅபா ஆகிவிடும். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் அதை 7 முறை சுற்றுவார்கள். ஒருவனுக்குப் பாதியில் துணி அவிழும். ஒருத்தி அம்மாவைத் தேடி அழுவாள். ஆனால் வீட்டுக்கு வந்து, “ஏழு தடவ சுத்துனேம்மா, கால் வலிக்குது” என்று சொல்லும் பிள்ளைக்கு, யாத்திரை என்றால் என்னவென்று கொஞ்சம் புரிந்துவிட்டது.

இந்தக் கால் வலியைத்தான் நம் வரலாற்றுப் பாடம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு யாத்திரை புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்களோடு வளர்ந்த மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலின் தொடக்கம் 1863. அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்தையொட்டி அங்கிருந்துதான் வெள்ளி ரதம் இரவில் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடந்து வருகிறது. ரதத்தின் பின்னால் விடிய விடிய நடந்து, தூக்கக் கலக்கத்தோடு 272 படி ஏறிய பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் எத்தனையோ பேர் இருப்பார்கள். நடைபயணமும் காத்திருப்பும் நேர்த்திக்கடனும் அவர்களுக்குப் பழக்கம்.

இதே பிள்ளைகள் நான்காம் ஆண்டில் வரலாறு படிக்கத் தொடங்குகிறார்கள். பண்டைய கெடா ஒரு பெயராக வந்து போகிறது. பிறகு நம் ஆட்கள் கப்பலில் வந்து, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவி, ரயில்பாதை போடுகிறார்கள். அந்தக் கதை உண்மை, சொல்லப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, இந்தக் கடலைத் தமிழர்கள் முதன்முதலில் கடந்ததே கங்காணியின் கணக்கில்தான் என்ற நினைப்பு ஊறிவிடுகிறது.

பள்ளிச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலை, அறிவியல் கூடம், மிஞ்சினால் மலாக்கா. கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேரம் போல வடக்கே போனால், கெடா மாநிலம் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெராய் மலையின் அடிவாரம் அது. 1217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைக் கடலில் வெகுதூரத்திலேயே பார்க்கலாம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை நெருங்கிவிட்டது என்று சொன்ன அடையாளம் அது. பேருந்து நெடுஞ்சாலையில் போகும்போதே, “மலை எப்போ தெரியுதோ, சொல்லுங்க” என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அங்கே இறங்கியதும் சொல்வதற்கு ஒரு யாத்திரிகரின் கதை இருக்கிறது. சீனத் துறவி யீஜிங். பழைய தமிழ் நூல்கள் இத்சிங் என்று எழுதும். 671இல் குவாங்சோவில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். புத்தர் நடந்த மண்ணைப் பார்ப்பதும் நாளந்தாவில் படிப்பதும் அவர் நோக்கம். ஆனால் நேராகப் போய்விட முடியவில்லை. ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு அந்நாட்டு அரசனின் கப்பலில் கெடாவுக்கு வந்தார். அங்கிருந்து பன்னிரண்டாம் மாதம் புறப்பட்டு, வழியில் நிக்கோபார் என்று கருதப்படும் ஒரு தீவைத் தொட்டு, 673இல் வங்கக் கரையின் தாம்ரலிப்தியில் இறங்கினார். அந்தத் தீவுக்காரர்கள் தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிய படகுகளில் கப்பலைச் சூழ்ந்துகொண்டதையும், மாற்றாக அவர்கள் கேட்டது இரும்பு ஒன்றைத்தான் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்திலிருந்து பத்துத் தேங்காய்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பொருளாதாரப் பாடம் வேண்டுமா? பக்கத்திலேயே சுங்கை பத்து. பழங்கால இரும்பு உருக்குத் தளங்களும் உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்களும் அங்கே தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. யீஜிங் கப்பலில் இருந்த இரும்பு இந்த மண்ணுடையது என்று சொல்லத் தேவையில்லை. இரும்பு ஏன் அவ்வளவு பெறுமதியானது என்று புரிய, அந்தக் குழாய்த் துண்டுகளைப் பார்த்தாலே போதும்.

அவர் ஏன் உடனே கிளம்பவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களை இங்கே தள்ளிவரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வர வேண்டும். நடுவில் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்த மாலுமிகளுக்குச் சோறும், வணிகர்களுக்குக் கிடங்கும், எல்லாருக்கும் கும்பிட ஓர் இடமும் தேவைப்பட்டன. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் கிடைப்பது இதனால்தான். இந்தத் துறைமுகத்தை வளர்த்ததில் காற்றின் பங்கும் பெரியது.

அருங்காட்சியகத்துக்கு அருகே சண்டி புக்கிட் பத்து பகாட். மலையோடை ஓரத்தில் நிற்கும் இந்தக் கோயிலை 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் அகழ்ந்து சீரமைத்தார். கருவறையின் கல் அடித்தளமும் அதற்கு முன்னே மண்டபத் தரையும் இருக்கின்றன. கூரை இல்லை. மரத்தூண்களைத் தாங்கிய வட்டக் கற்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைப் படத்தில் பார்த்த பிள்ளை, “இவ்வளவுதானா?” என்று கேட்கும். அந்தக் கேள்விதான் வேண்டும். மழை கொட்டும் மலைக்காட்டில், கையில் கிடைத்த மரத்தையும் ஆற்றுக் கல்லையும் வைத்து, தன் ஊர்க் கோயிலின் சாயலில் ஒன்றைக் கட்டிக்கொண்டவர்களின் வேலை அது. ஒவ்வொரு தூண் கல்லிலும் ஒரு பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். மண்டபம் எவ்வளவு பெரியது, கூரை எங்கே சரிந்திருக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கிலாந்தில் பழைய பேராலயங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பாடம் நடத்துகின்றன. அங்கி மாட்டி, கையில் கோல் கொடுத்து, இடைக்கால யாத்திரிகர்போல நடக்க வைக்கிறார்கள். நமக்கு அங்கியைத் தைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பழக்கம் உயிரோடு இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கெடா என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சு விம்மி, ‘கடாரம் கொண்டான்’ என்று குரல் உயர்ந்துவிடும். ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பு நடந்ததுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டினான். அதற்கு ராஜராஜன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அடுத்த இருபது ஆண்டுக்குள் மகன் படையோடு வந்தான். 1090 வாக்கில் குலோத்துங்கன் மறுபடி அதே விகாரையின் உரிமைகளை உறுதிசெய்தான். உறவு, சண்டை, திரும்ப உறவு. வெற்றியை மட்டும் சொல்லி அனுப்பினால், பக்கத்து மேசையில் உட்காரும் மலாய் நண்பனிடம் பிள்ளை போய்ச் சொல்ல, “உங்க ஊர நாங்க அடிச்சோம்” என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது. விகாரையின் கதை தெரிந்த பிள்ளையிடம் பகிர்ந்துகொள்ள ஏதோ இருக்கும். மஸ்ஜித் இந்தியாவின் முஸ்லிம் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. எத்தனையோ பேரின் தாத்தாவோடு பேச்சில் வரும் நாகூர், அந்த நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்தான்.

அந்த விகாரையின் எச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு இடித்தார்கள். இக்கரையில், பூஜாங்கின் சண்டி 11 வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது 2013இல் வெளியே தெரிந்தது. தனியார் நிலத்தில் இருந்தது, சட்டப்படி பாதுகாக்கப்படவில்லை. செய்தி வந்த பிறகு கொதித்தோம். இடிக்கும் முன் அந்த இடத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு பேருந்தை மெர்போக்குக்கு அனுப்பினால் போதும். அடுத்த முறை ஒரு இயந்திரம் அங்கே வந்து நிற்கும்போது, “நான் நின்ன கல்லு அது” என்று சொல்ல ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த ஆண்டுச் சுற்றுலா பற்றிப் பேச்சு வரும்போது, யாராவது ஒருவர் இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.