இயக்குதளத்தில் மொழி ஆதரவுத் தனித்தொகுப்பு: சித்தூர், திருப்பதி இருமொழிச் சூழலை முன்வைத்து

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கி வருகின்றன. இவ்விரு மொழிகளுக்கும் இயக்குதளங்கள் இடமளித்த வரலாற்றை இக்கட்டுரை சுருங்க ஆராய்கிறது.

1991இல் வெளிவந்த யூனிகோடு இரண்டிற்கும் தனித்தனியே 128 இடங்களை ஒதுக்கியது. எனினும் விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவுடன் தமிழை ஏற்றபோது தெலுங்கு இடம்பெறவில்லை. 2001இல் எக்ஸ்பி வழியாகவே அது ‘கௌதமி’ எழுத்துருவுடன் வந்தது. எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பிலோ இந்திய எழுத்துகளுக்கான கோப்புகளைப் பயனரே தெரிவுசெய்து குறுவட்டிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய வட்டிடம் ஏறத்தாழ 10 மெகாபைட்டே. சேர்க்காத கணினியில் எழுத்துகள் கட்டங்களாகவோ, கொம்புகள் இடம்மாறியோ தோன்றின. 2007இல் பொதுப் பயனரை அடைந்த விஸ்டாவில் இவ்வாதரவு இயல்பாக அமைந்தது.

லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் தமிழ், தெலுங்கு மொழித்தொகுப்புகள் தனித்தனியே அமைந்தன. ஆனால் மென்பொருளின் அடுத்த பதிப்புக்குக் காத்திராமல் மொழிபெயர்ப்பைத் திருத்த அப்பிரிவு உதவியது.

எனவே தனித்தொகுத்தல் தன்னளவில் குறையன்று எனலாம். இடைமுக மொழிபெயர்ப்பு தனித்து நிற்கலாம். எழுத்தைப் பிழையின்றிக் காட்டும் திறனோ இயக்குதளத்தின் அடிப்படை. அதனை விருப்பத் தெரிவாக்கியபோது, இருமொழியாளர் தம் எழுத்தைத் தாமே கேட்டுப் பெறவேண்டியவராயினர்.