மேய்ச்சல் மாடும் தாராவித் தோலும்

ஆநிரை என்றாலே நமக்குப் பாலும் நெய்யும்தான் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்கள் மற்றதையும் மறைக்கவில்லை. ஆவைத் தின்ற மழவர் அகநானூற்றில் வருகிறார்கள். அன்று மாட்டிறைச்சி என்றால் புல் மேய்ந்து வளர்ந்த மாடுதான்.

பம்பாயில் அதற்குப் புல் ஏது, இடம் ஏது? வளர்ப்பது ஓரிடம், வெட்டுவது ஓரிடம் என்றாகிவிட்டது. பாந்த்ராவில் இருந்த வெட்டுக்களம் 1971இல் நம் செம்பூருக்குப் பக்கத்திலுள்ள தேவனாருக்குப் போயிற்று. பாந்த்ரா அருகிலிருந்ததால்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேர்விட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று அதை வளர்த்தார்கள்.

1976ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் பசுவதையைத் தடுத்தது. 2015இல் காளையும் எருதும் அதில் சேர்ந்தன, எருமைக்குத் தடையில்லை. ஆகவே, சொந்தக் கொல்லையில் புல் போட்டு வளர்த்த காளையானாலும் இங்கே வெட்ட முடியாது. வெளிமாநிலத்தில் வெட்டிய இறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நான் சமணன், கொல்லாமை என் நோன்பு. அதற்காக, இந்நகரத்தில் தமிழன் காலூன்றிய தொழிலை அருவருத்து ஒதுக்கினால் அது வரலாறு ஆகுமா? பதனிடும் கிடங்குகள் தாராவியைவிட்டுப் பெரும்பாலும் போய்விட்டன. அதைப் பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.