எதிர்பாராச் சந்திப்பு: வால்பாறையை முன்வைத்துக் காட்டுயானைப் பாதுகாப்பு குறித்த ஓர் ஆய்வு

காட்டுயானையால் நேரும் உயிரிழப்புகளுக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் அவ்விலங்கின் குணத்திலேயே அதைத் தேடுகின்றனர். அது மதங்கொண்ட களிறு என்றோ, கன்றுடன் நின்ற பிடி என்றோ, ஆள்பழகிக் கெட்டுப்போன ஒற்றை யானை என்றோ விளக்கம் தரப்படுகிறது. இறந்தவருக்கும் யானைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது, அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது, யானை அங்கு நிற்பதை அவர் முன்பே அறிந்திருந்தாரா என்னும் கேள்விகள் எழுப்பப்படுவதே இல்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானைகளால் உயிரிழக்கும் நிலையில் இக்கேள்விகளைத் தவிர்ப்பது பெரும் பிழையாகும். ஆனைமலையின் வால்பாறை மேட்டுநிலத்தில் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திரண்டுள்ள அனுபவம் வேறொரு முடிவை நோக்கி இட்டுச்செல்கிறது. அங்கு நேர்ந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை, யானை இருப்பதையே அறியாமல் மனிதர் அதன் மிக அருகே சென்றுவிட்டதால் நேர்ந்தவை. ஆகவே பாதுகாப்பு என்பது தனிமனிதரின் துணிவையும் சாதுரியத்தையும் நம்பியிருக்கும் ஒன்றாக இருக்க இயலாது. யானை இருக்குமிடம் பற்றிய செய்தி உரியவரை உரிய நேரத்தில் எட்டச்செய்யும் பொதுஏற்பாடாகவே அது அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

இதனை நிறுவுவதற்கு முதலில் யானை தன் சூழலை எவ்வாறு அறிகிறது என்பதைக் காண வேண்டும். யானையின் முதன்மைப் புலன் மோப்பம். ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுதியில் மணமறியும் ஏற்பிகளுக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 இருப்பது 2014இல் வெளியான ஓர் ஒப்பாய்வில் கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் சேர்க்கப்பட்ட வேறெந்தப் பாலூட்டியிலும் இத்தனை காணப்படவில்லை. ஆசியப் பெண்யானை இனச்சேர்க்கைக்கு உரிய பருவத்தை ஆணுக்குச் சிறுநீரில் உள்ள ஒரு வேதிப்பொருளின் வழியே உணர்த்துகிறது என்பதை எல். இ. எல். ராஸ்முசென் குழுவினர் 1996இல் காட்டினர். செவிப்புலனும் இதற்குச் சளைத்ததன்று. மனிதச் செவிக்கு எட்டாத, நொடிக்கு 20 அதிர்வுக்கும் குறைந்த தாழ்ஒலிகளால் யானைகள் தமக்குள் தொடர்புகொள்கின்றன என்பதைக் கேத்தி பெய்ன் 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிசாலையில் ஆசிய யானைகளைக் கவனித்தபோது உணர்ந்தார். பார்வையோ ஒப்பளவில் எளியது; இருவகை நிறஉணர் செல்களே உள்ள அக்கண்கள் மங்கிய வெளிச்சத்துக்குப் பொருந்தியவை, தொலைவிலுள்ள உருவங்களைப் பிரித்தறிவதில் அவை சிறந்தவையல்ல. காற்று யானையிருக்கும் பக்கத்திலிருந்து மனிதரை நோக்கி வீசும்போதும், மழையும் அருவியும் ஆறும் எழுப்பும் இரைச்சலில் காலடியோசை அமிழ்ந்துபோகும்போதும், யானையின் வலிமை மிக்க இரு புலன்களும் ஒருசேரப் பயனிழக்கின்றன. யானையின் பாதமோ தடித்த கொழுப்புத் திசு மெத்தையின் மேல் ஊன்றுவதால், பல டன் எடையுள்ள அவ்வுடல் ஓசையின்றி நகர்கிறது. ஆகவே எதிர்பாராச் சந்திப்பில் திடுக்கிடுவது மனிதர் மட்டுமல்லர். யானையும் அதே அளவு திடுக்கிடுகிறது. ஓடி ஒளிய இடமில்லாத அண்மையில் திடுக்கிடும் பெருவிலங்கு முன்னோக்கிப் பாய்வது தற்காப்பின் இயல்பு.

வால்பாறையின் நில அமைப்பு இத்தகைய சந்திப்புகளுக்கு வழிவகுக்கும் தன்மையது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மேட்டுநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் பரம்பிக்குளம், வாழச்சால் முதலிய கேரளக் காடுகளும் உள்ளன. தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத் துண்டுகளும் ஆற்றோரக் காடுகளும் யானைகளுக்குப் பகல்நேர ஒதுங்கிடங்களாயின. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் எம். ஆனந்த குமாரும் அவருடன் பணியாற்றியோரும் மேற்கொண்ட தொடர் கண்காணிப்பில், யானைகள் பகலில் இத்துண்டுக் காடுகளையும் நடுஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோரங்களையும் விரும்பித் தங்கி, இருட்டிய பின்னரே தேயிலைச் சரிவுகளைக் கடந்து நகர்வது தெளிவாயிற்று. தோட்டத் தொழிலாளர் கடைசிப் பேருந்தை விட்டிறங்கி லைன் வீடுகள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளுக்கு நடக்கும் நேரமும் அதுவே. இருதரப்பின் கால அட்டவணைகளும் ஒரே பாதையில் வந்து பொருந்துகின்றன. இதில் எவருடைய குணக்கேடும் இல்லை.

இப்புரிதலிலிருந்து பிறந்த முன்னெச்சரிக்கை ஏற்பாடுதான் வால்பாறையின் தனிச்சிறப்பு. மாலையில் யானைகள் நின்ற இடம் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகக் காட்டப்பட்டது. 2011 முதல், பதிவுசெய்துகொண்ட குடியிருப்பாளரின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகவும், எழுத்தறியாதோர்க்குத் தமிழ்க் குரல் அழைப்பாகவும் அச்செய்தி சென்றது. சாலைச் சந்திகளிலும் குடியிருப்பு முகப்புகளிலும் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் நடப்பட்டன. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் யானை இருப்பது தெரிந்தால், அப்பகுதியில் பொறுப்பேற்றுள்ளவர் தம் கைப்பேசியிலிருந்து அழைத்து விளக்கை எரியவிடுவார். பேருந்திலிருந்து இறங்குபவர் ஒளிரும் விளக்கைக் கண்டதும் தனியே நடக்காமல் காத்திருக்கலாம், துணை சேர்த்துக்கொள்ளலாம், வாகனம் வரவழைக்கலாம். இவ்வேற்பாட்டில் யானையைத் துரத்தும் கூறு எதுவும் இல்லை; யானை தன் வழியில் போகிறது, மனிதர் மட்டும் தம் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொள்கின்றனர். இதன் பின் வால்பாறையில் உயிரிழப்புகள் குறைந்தன. அக்குறைவு முழுவதையும் விளக்குகளின் கணக்கில் எழுதுவது மிகையாகலாம். வனத்துறையின் விரைவுக் குழுக்களுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும், செய்தியை உருவாக்குவதிலும் பரப்புவதிலும் அங்கு வாழ்வோரே பங்காளிகளாயினர் என்பதே இம்முயற்சியை ஏனைய திட்டங்களிலிருந்து வேறுபடுத்துவது. தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து காவல் காத்த குறிஞ்சி நிலத்து வழக்கத்திலும் யானையின் வரவை முன்னறிவதே காவலின் முதற்படியாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். யானையின் உடல்மொழியைப் பொதுமக்களுக்குக் கற்பித்தாலே போதுமே, இத்தனை ஏற்பாடுகள் எதற்கு என்பது அது. உடல்மொழி உண்மையிலேயே பொருள் நிறைந்தது. அமைதியாக மேயும் யானையின் காதுகள் சீராக அசைந்துகொண்டே இருக்கும், வாலும் தளர்ந்து ஆடும். ஐயுறும்போது காதசைவு நின்று, துதிக்கை நுனி காற்றில் உயர்ந்து மணம் தேடும். முன்காலை முன்னும் பின்னும் ஆட்டுவதும், புல்லைப் பிடுங்கித் தின்னாமல் உதறுவதும், மண்ணை வாரி இறைப்பதும் அதன் மனம் முடிவெடுக்காமல் தடுமாறுவதன் அடையாளங்கள். தலை நிமிர்ந்து, காதுகள் விரிந்து, வால் விறைத்தால் எச்சரிக்கை முற்றிவிட்டது என்று கொள்ளலாம். பெரும் பிளிறலுடன் சில அடி பாய்ந்து நின்றுவிடும் போலிப் பாய்ச்சலும், துதிக்கையை உட்சுருட்டிக்கொண்டு ஓசையின்றி வரும் மெய்ப் பாய்ச்சலும் வேறுவேறு என்று காடறிந்தோர் விளக்குவர். இவ்வறிவு மதிக்கத்தக்கது. ஆனால் அதன் பயன் தொலைவைப் பொறுத்தது. ஜான் ஹட்சின்சன் குழுவினர் தாய்லாந்தில் ஆசிய யானைகளின் வேகத்தை அளந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, யானை நொடிக்கு 6.8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் நகர வல்லது. அவ்வேகத்தில் 30 மீட்டரைக் கடக்க ஐந்து நொடிகூடத் தேவையில்லை. தேயிலைப் பாத்திகளுக்கிடையே வளைந்துசெல்லும் ஒற்றையடிப் பாதையில், அதுவும் பனிமூட்டத்தில், பார்வை எட்டுவது பலவேளை அதைவிடக் குறைவு. அந்நிலையில் பாய்ச்சல் போலியா மெய்யா என்று ஆராய எவருக்கும் அவகாசமில்லை. சரிவில் இறங்கி ஓடினால் யானை தொடராது என்னும் பரவலான நம்பிக்கையும் ஆபத்தானது. செங்குத்துச் சரிவுகளில் பின்கால்களை மடித்துச் சறுக்கி இறங்கும் திறன் யானைக்கு உண்டு.

மதக் காலத்தைப் பற்றிய அறிவும் இவ்வாறே வரம்புடையது. மதம் என்பது முதிர்ந்த, நன்கு உண்டு கொழுத்த ஆண்யானைகளுக்குப் பருவமுறையாக வரும் உடலியல் நிலை. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து நீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆண்மை இயக்குநீரின் அளவு பன்மடங்கு பெருகும். அது நோயன்று, வெறியுமன்று. ஆனால் மற்ற நேரத்தில் விலகிச்செல்லும் களிறு இக்காலத்தில் விலக மறுக்கும். கன்னத்தில் வழிந்த கறையைக் கண்டு இதனை உறுதிசெய்யலாம் என்பது உண்மையே, எனினும் கறை தெரியும் அளவுக்கு நெருங்கியவர் முன்பே எல்லை மீறியவராவார்.

குணக்கேடாகக் கருதப்படும் பயிர்மேய்தலும் அவ்வாறானதன்று; ஆண்யானைகள் ஏன் பயிர்நிலத்தை நாடுகின்றன என்பதற்கு 1980களில் தென்னிந்தியக் காடுகளில் ஆய்வு நிகழ்த்திய ராமன் சுகுமார் தந்த விளக்கம் இன்றும் வலுவானது. பெண்யானைக் கூட்டத்தைவிட வயதுவந்த ஆண் பயிர்நிலத்துக்கு மிகுதியாக வருகிறது. சத்துமிக்க நெல்லும் கேழ்வரகும் கரும்பும் உடலைப் பெருக்கி இனப்பெருக்க வாய்ப்பைக் கூட்டுவதால், ஆபத்தை ஏற்று ஆதாயம் தேடும் உத்தியாக அது அமைகிறது. மனிதர் மிகுந்த தென்னிந்திய நிலப்பகுதிகளில் இளங்களிறுகள் தமக்குள் நிலையான ஆண்குழுக்களை அமைத்துக்கொள்வதாக 2019இல் வெளியான ஆய்வும் யானையைச் சூழலுக்கேற்பக் கற்கும் விலங்காகவே காட்டுகிறது. கற்கும் விலங்கிடம், அதை விரட்ட வெடிக்கும் பட்டாசு நெடுநாள் பலிக்காது. அதே காரணத்தால்தான் சத்தியமங்கலத்தில் காரப்பள்ளம் சோதனைச்சாவடியை ஒட்டிய சாலையில் கரும்பு லாரிகளிலிருந்து வீசப்பட்ட கட்டுகள், வண்டியை மறித்து நிற்கும் பழக்கத்தை யானைகளுக்குப் புகட்டின. இரக்கத்தால் வீசிய கரும்பும் இறுதியில் யானைக்கும் ஓட்டுநர்க்கும் தீங்காகவே முடிகிறது.

‘பிரச்சினைக்குரிய’ யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுவதே தீர்வு என்னும் வாதத்திற்கு மக்களிடையே பேராதரவு உண்டு. உற்றாரை இழந்த குடும்பத்தார் அதைக் கோருவதில் வியப்பில்லை. ஆயினும் சான்றுகள் இதற்கு எதிராக உள்ளன. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் இடம்பெயர்க்கப்பட்ட 12 ஆண்யானைகளைக் கழுத்துப்பட்டை வழியே தொடர்ந்து கண்காணித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் சில பழைய இடத்துக்கே திரும்ப முயன்றதையும், சில நிலைகொள்ளாமல் அலைந்ததையும் பதிவுசெய்து, இடமாற்றம் மோதலைக் குறைப்பதற்கு மாறாகப் பரப்புகிறது என்று முடிவுகட்டியது. தமிழகத்தின் அண்மைக்கால நிகழ்வுகள் அம்முடிவுக்கு அரண் செய்கின்றன. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு ஆனைமலையின் வரகளியாறு பகுதியில் விடப்பட்ட மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண்யானை, சில நாள்களிலேயே சமவெளியில் இறங்கிக் கோயம்புத்தூர் வரை நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மூணாறை அடுத்த சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் ஆண்யானை மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டு மேல் கோதையாறு பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறியாத நிலத்தில் விடப்பட்ட யானையும் அதனை அறியாத ஊரும் எதிர்ப்படுவது, முற்பகுதியில் விவரித்த எதிர்பாராச் சந்திப்பின் மிகக் கொடிய வடிவம்.

தனிமனிதர் செய்யத்தக்கவை எவையும் இல்லை என்பது இதன் பொருளன்று. சாலையில் யானையைக் கண்டால் வெகு தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, ஒலிப்பானை அழுத்தாமல், கீழிறங்காமல், தேவையானால் மெல்லப் பின்செலுத்தி அதற்கு வழிவிட வேண்டும். கூட்டத்தின் நடுவே வண்டியை நுழைப்பது கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பதற்கு ஒப்பாகும். காலையும் அந்தியும் தனியே நடப்பதைத் தவிர்க்க வேண்டும். செவியில் இசைக்கருவி மாட்டிக்கொண்டு காட்டோரப் பாதையில் செல்லலாகாது. யானையைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிடுவதும் கைப்பேசியில் படமெடுப்பதும் அது விலகிச்செல்லும் வழியையே அடைத்துவிடுகின்றன. வீட்டிலும் சத்துணவு மையத்திலும் ரேஷன் கடையிலும் தேங்கும் அரிசியின் மணம் யானையைச் சுவர்வரை இழுத்துவருவதால், இருப்பைக் குறைத்து அடிக்கடி வழங்குவதும் பாதுகாப்பின் பகுதியே. ஆனால் கழிப்பறை வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கும் குடியிருப்பில் வாழும் பெண்ணிடம் இருட்டில் வெளியே வராதே என்று அறிவுரை கூறுவதும், கடைசிப் பேருந்து தாமதமாக வரும் ஊரில் அந்திக்குமுன் வீடு திரும்பு என்று கட்டளையிடுவதும் நேர்மையாகா.

எனவே கூடலூர், பந்தலூர், தாளவாடி, தளி முதலிய பகுதிகளிலும் யானை நடமாட்டத்துக்கேற்ற பேருந்து நேரங்களும், நிறுத்தங்களின் விளக்குகளும், வீட்டோடு இணைந்த கழிப்பறைகளும், தமிழில் குரல்வழிச் செல்லும் எச்சரிக்கைகளும் வனத்துறையின் தனிப்பொறுப்பாக விடப்படாமல், போக்குவரத்துத் துறையும் உள்ளாட்சியும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்கும் கடமைகளாக வேண்டும். உயிரிழப்புக்குப் பின் வழங்கப்படும் இழப்பீட்டுக்கு நிதி ஒதுக்கும் அரசு, அவ்விழப்பைத் தடுக்கும் இவ்வேற்பாடுகளுக்கு அதைவிட முந்திய இடம் தந்து, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே நிலையான ஒதுக்கீடு செய்ய முன்வர வேண்டும்.