சேரி என்றொரு சொல்

காஞ்சிபுரத்துக்கு அருகே ஐயங்கார்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. விசயநகர வேந்தர் காலத்தில் காஞ்சியில் செல்வாக்கின் உச்சியில் திகழ்ந்த இலட்சுமிகுமார தாத்தாச்சாரியார் அமைத்த பெருங்குளத்தால் அவ்வூருக்கு அப்பெயர். கரையிலே சஞ்சீவிராயர் கோயில். படிகளில் இறங்கிச் சென்றால் நிலத்துக்கடியில் மண்டபமாக விரியும் நடவாவிக் கிணறு. சித்திரை முழுநிலவில் காஞ்சி வரதராசப் பெருமாள் அந்தக் கிணற்றுக்கு எழுந்தருளும் திருவிழா. வெட்டச் சொன்னவர் பட்டம் ஊருக்கே பெயராகிவிட்டது. மண்வெட்டி பிடித்தவன், கூடை சுமந்தவள் பெயரை ஊரும் சொல்லவில்லை, குளமும் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் என்பது பெரும்பாலும் வென்றவர் எழுதி வைத்த கையெழுத்து.

ஆனால் நான் இங்கே பேச வந்தது அந்தப் பட்டத்தைப் பற்றியன்று. அதே வட்டாரத்திலே, கல்வெட்டில் ஒரு பொருளோடும், ஊர்ப்பெயரில் ஒரு பொருளோடும், மனிதர் பெயரில் ஒரு மதிப்போடும், தெருச் சண்டையில் ஒரு வசவோடும் உலவிவரும் சிறிய சொல் ஒன்று உண்டு. இரண்டே எழுத்து. சேரி.

சேர்ந்து வாழும் இடம் சேரி. அவ்வளவுதான் அதன் பிறப்பு. உயர்வும் அதிலில்லை, தாழ்வும் அதிலில்லை. சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு காதைக்குப் பெயர். கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே வந்து தங்கிய அந்தப் புறஞ்சேரி, துறவோர் வாழ்ந்த இடம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர், பலரும் கலந்து வாழும் இடத்தைத் தலைமையான ஒரு சாராரின் பெயராலேயே வழங்கும் வழக்குக்கு எடுத்துக்காட்டுத் தேடுகிறார். எந்தச் சொல்லை எடுத்தார் தெரியுமா, இளைஞர்களே? 'பார்ப்பனச்சேரி' என்ற சொல்லை! இன்று அந்த இரு சொற்களையும் சேர்த்து உச்சரித்தால் கேட்பவர் திடுக்கிடுவர். அன்று அது இலக்கண ஆசிரியருக்குச் சற்றும் உறுத்தாத அன்றாட வழக்கு.

உரையாசிரியரை நம்பத் தயங்குவோர் உத்தரமேரூருக்குப் போகலாம். கல் பொய் சொல்லாது என்று நான் சொல்லமாட்டேன், கல்லும் வெட்டுவித்தவன் சொன்னதைத்தான் சொல்லும். ஆயினும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு சாசனங்களும் இந்தச் செய்தியில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்ற அந்த அந்தணர் ஊர், 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் தெரிந்தனர். சேரிகள் பன்னிரண்டுக்கும் இடம் கிடைக்கும்படி ஆண்டு வாரியம் அமைந்தது. வேதம் ஓதியவர் வாழ்ந்த இடம் சேரி. ஏரியையும் தோட்டத்தையும் ஆண்ட வாரியத்தார் உறைந்த இடம் சேரி. சோழர் காலத்து அந்தணர் ஊர்களின் ஆவணங்களில் ஒருவரைக் குறிக்கும்போது இன்ன சேரியைச் சேர்ந்தவர் என்று முன்னே சேர்த்து எழுதுவதும் உண்டு. சேரிப் பெயர் அன்று முகவரியாகவும் இருந்தது, பெருமைக்குரிய அடைமொழியாகவும் இருந்தது.

குடவோலையைப் புகழாத மேடை இல்லை. 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதுகூடத் தலைமை அமைச்சர் உத்தரமேரூரை நினைவுகூர்ந்தார். நல்லது. ஆனால் குடத்துக்குள் யார் பெயர் விழலாம் என்ற விதிகளைப் படித்துப் பாருங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். மந்திர பிராமணம் அறிந்திருக்கவேண்டும். 919ஆம் ஆண்டு விதிப்படி வயது 30 முதல் 60 வரை, 921இல் அதை 35 முதல் 70 வரை என மாற்றினார்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவினர்க்கும் இடமில்லை. (இந்த ஒரு விதியை இன்றைக்கும் கடன் வாங்கலாம்.) இவற்றின் நடுவே இன்னுமொரு விதி: சொந்த மனையிலே கட்டிய வீட்டில் குடியிருக்கவேண்டும். சொந்த மனை! இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவோம்.

உத்தரமேரூரிலிருந்து ஒரு நூற்றாண்டு கடந்து தஞ்சைக்குச் செல்வோம். 1010இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஒரு நாட்டின் நிலக்கணக்கையே சுவரில் விரித்து வைத்திருக்கின்றன. அங்கேயும் சேரி பேசப்படுகிறது, ஒன்றல்ல, பல. கோயிலுக்கென நாட்டின் பல தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 பெண்டிர் வாழ்ந்த இடம் தளிச்சேரி. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, அதில் தென்சிறகு, வடசிறகு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று கதவிலக்கம் போட்டதுபோல் எழுதி, ஒவ்வொருத்திக்கும் பங்கு ஒன்று, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். இன்னொரு கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்களை எண்ணிச் செல்லும்போது வேறு சேரிகள் வருகின்றன: கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி. கூடவே, படிக்கும் கண் நின்றுவிடுகிற ஒரு பெயர்: தீண்டாச்சேரி.

தீண்டாமை வெள்ளையன் கொண்டுவந்த சரக்கு என்று சொல்வோர் இன்னமும் இருக்கின்றனர். அவர்களோடு வாதிட நேரம் செலவிட வேண்டாம்; தஞ்சைச் சுவரருகே அழைத்துச் சென்று நிறுத்தினாலே போதும். அதே சுவரில் வெள்ளான் சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி என்று சாம்பலுக்கும் வேலி போட்டிருப்பதையும் காட்டலாம்.

ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேரி என்ற சொல்லின் குடைக்கீழ் வேதியனும் இருந்தான், தளிப்பெண்டும் இருந்தாள், கம்மியனும் இருந்தான், தீண்டலாகாது என்று தள்ளப்பட்டவனும் இருந்தான். முன்னே எந்த அடைமொழி வந்ததோ அதுதான் மதிப்பைத் தீர்மானித்தது. பிறகு நடந்ததென்ன? மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் குடையை விட்டு வெளியேறினர். அந்தணர் வாழிடம் அக்கிரகாரம் ஆயிற்று. நிலமுடையோர் வாழிடம் ஊர் ஆயிற்று, தெரு ஆயிற்று. வெளியேற வழியற்றவர் மட்டும் குடைக்கீழ் எஞ்சினர். அடைமொழி தேவையற்றுப் போயிற்று. 'சேரி' என்றாலே யாருடைய சேரி என்பது விளங்கிற்று. ஊர் வேறு, சேரி வேறு என்ற கொடிய இலக்கணம் எழுதப்பட்டது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? ஆங்கிலேயர் மொழியில் 'சேஒர்ல்' என்றொரு பழஞ்சொல் இருந்தது. அடிமையல்லாத உழவன், தன் ஏரும் தன் குடியுமாய் வாழ்ந்தவன் என்பது அதன் பொருள். மேற்குச் சாக்சனியர் சட்டத்தில் அவன் உயிருக்கு 200 சில்லிங் ஈடு, மேல்குடியான 'தெய்ன்' உயிருக்கு 1200. ஏற்றத்தாழ்வு அங்கேயும் கொழித்தது. ஆனாலும் சேஒர்ல் உரிமையுள்ள மனிதன். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யார்க் நகரப் பேராயர் வுல்ஃப்ஸ்டனோடு தொடர்புபடுத்தப்படும் எழுத்தொன்று கூறுகிறது: ஒரு சேஒர்ல் செழித்து, சொந்தமாக 5 'ஹைட்' நிலமும், மணிக்கூண்டும், கோட்டை வாயிலும் உடையவனானால் தெய்னுக்குரிய தகுதியைப் பெறலாம். காண்க, அங்கேயும் சொந்த நிலம்! 1066இல் நார்மானியர் வந்தனர். நிலம் பிரபுக்களின் கைக்குப் போயிற்று. உழவன் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாளானான். சொல்லும் அவனோடு சரிந்தது. 'சர்ல்' என்றால் இன்று ஆங்கிலத்தில் நயமற்ற முரடன். ஆனால் அதே சொல் ஊர்ப்பெயரில் 'சார்ல்டன்' என்று நலமாய் இருக்கிறது. உழவர் ஊர் என்பது பொருள். ஊரிலிருந்து குடும்பப் பெயராயிற்று. 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கால்பந்துக் கோப்பையை வென்று தந்த அணியில் ஆடிய சார்ல்டன் உடன்பிறப்புகளின் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர் யார்? இதே வேரின் செருமானிய உடன்பிறப்பான 'கார்ல்' பேரரசன் ஒருவனின் பெயராயிற்று. அந்தப் பேரரசன் பெயரிலிருந்தே போலந்து நாட்டார் தம் மன்னனைக் குறிக்கும் 'க்ருல்' என்ற சொல் பிறந்தது என்பர் மொழிநூலார். ஒரே வேர், ஒரு நாட்டில் வசவு, மறு நாட்டில் முடி!

சேரியும் அப்படித்தான். புதுச்சேரி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசுகிறதா? பிரெஞ்சுக்காரர் வாயில் சிதைந்த பெயரைத் திருத்தி, 2006 அக்டோபர் முதல் நாளிலிருந்து சட்டப்படியே 'புதுச்சேரி' ஆக்கிப் பெருமையோடு கொண்டாடினோம். வேளச்சேரியில் ஒரு கிரவுண்டு மனை வாங்கக் கோடிகள் வேண்டும். கூடுவாஞ்சேரி என்று பயணச்சீட்டுக் கேட்பதில் யாருக்கும் தயக்கமில்லை. மலையாள நாட்டிலோ தலைச்சேரி, மட்டாஞ்சேரி, சங்ஙனாச்சேரி என ஊர்கள் மட்டுமல்ல, இல்லப் பெயர்களும் சேரியில் முடிகின்றன. 15ஆம் நூற்றாண்டில் 'கிருஷ்ணகாதை' பாடிய நம்பூதிரிப் புலவர் செறுச்சேரி என்றே புகழ் பெற்றார். செறு என்றால் சிறு. நம் நாட்டுச் சாதிச் செருக்கன் ஒருவன் 'சேரிக்காரன்' என்று ஏசும்போது, ஒரு நம்பூதிரியின் இல்லப் பெயரைத்தான் ஏச்சாக்குகிறான் என்பதை அவனிடம் யாரேனும் சொல்லவேண்டும்.

அப்படியானால் சொல்லில் அழுக்கு எங்கே ஒட்டியது? நான் நினைவில் வைக்கச் சொன்ன விதிக்குத் திரும்புவோம்.

உத்தரமேரூரும் காஞ்சியும் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1891இல் ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பசி, கடன், பரம்பரை அடிமைத்தனம், எழுத்தறிவின்மை எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றினும் கூர்மையானது மனை பற்றிய செய்தி. சேரியில் குடிசை போட்டு வாழ்பவனுக்கு அந்தக் குடிசை நிற்கும் மண் சொந்தமில்லை. மிராசுதார் அதைத் தமது என்றார். கூலி போதாது என்றாலும், வேறிடம் வேலைக்குப் போனாலும், தரிசு நிலத்துக்கு மனுப்போட்டாலும், 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்ற ஒரு சொல் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொந்த மனையில் வீடு வைத்திருந்த சேரிக்காரன் பெயர் குடத்தில் விழுந்தது. அதே மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டு கழித்துச் சேரிக்காரனுக்கு மனை இல்லை. ஆகவே வாயும் இல்லை. இரண்டு இடத்துக்கும் பெயர் ஒன்றே. வேறுபாடு காலடி மண்ணில் இருந்தது.

அந்த அறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த ஆணைகளால் தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுவது அதைத்தான். அதில் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பது தனி வரலாறு. 1994 அக்டோபரில் அதே செங்கற்பட்டுப் பகுதியின் காரணையில், அந்நிலத்தை மீட்கக் கேட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கி வெடித்து இருவர் மாண்டனர் என்பதோடு நிறுத்துகிறேன்.

சொல்லை மாற்றிப் பார்த்தோம். ஒதுக்குப்புறத்தில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் 'காலனி' என்ற புதுப்பெயர் சூட்டினோம். உரோமானியர் மொழியில் உழுகுடிகளைக் குடியேற்றிய ஊர் என்று பொருள்படும் சொல் அது. செருமனியின் கொலோன் மாநகர் அச்சொல்லைத்தான் பெயராக அணிந்திருக்கிறது. இரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் இங்கேயும் குறையொன்றுமில்லை. ஆனால் வெறுமனே 'காலனிக்காரன்' என்றால்? இருபது முப்பது ஆண்டுகளில் சேரிக்கு நேர்ந்ததே காலனிக்கும் நேர்ந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர், தீண்டாமையின் குறியாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்ட 'காலனி' அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. நீக்கியது சரியே, தாசில்தாரின் முத்திரையோடு வரும் இழிவு தெருவில் வரும் இழிவைவிடக் கொடிது. 2023 நவம்பரில் அரசியல் பிரமுகர் ஒருவர் 'சேரி மொழி' என்று எழுதிக் கண்டனத்துக்கு ஆளானபோது, பிரெஞ்சில் அதற்கு அன்பு என்று பொருள் எனச் சொல்லித் தப்பப் பார்த்தார். பாரிசுக்கு ஓடவேண்டிய தேவையே இல்லை, உத்தரமேரூர் பக்கத்திலேயே இருக்கிறது! ஆனால் அங்கே போயிருந்தால் அந்த வசவுக்குச் சாக்குக் கிடைத்திராது.

மனையைத் தொட்ட சட்டங்களும் வந்தன. 1971இல் தமிழ்நாடு அரசு, பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கும் சட்டம் இயற்றிற்று. 'குடிசையைப் பிரி' என்ற மிராசுதாரின் பழைய ஆயுதம் அன்று சட்டப்படி பிடுங்கப்பட்டது. அதன்பின் குடத்துக்குப் பதில் வாக்குப்பெட்டி வந்தது. 1996இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிகளோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரைப் பக்கத்து மேலவளவில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐவரையும் 1997 சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொன்றனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டுக்காலம் சேரியிலிருந்து ஒருவரைத் தலைவராய் உட்காரவிடவில்லை. வேட்புமனு போடவே ஆளில்லாமற் செய்தனர், மீறி வென்றவரைப் பதவி விலக வைத்தனர். அந்த நாற்காலிகளில் தேர்தல் வழியே வந்தவர்கள் அமர்ந்து பணியாற்றத் தொடங்கியது 2006 அக்டோபர்த் தேர்தலுக்குப் பிறகுதான். அதே மாதத்தின் முதல் நாளில்தான் புதுச்சேரி தன் சேரியைச் சட்டப்படி திரும்பப் பெற்றிருந்தது.