ஸ்பாட் வெல்டிங் பிறந்தது 1886இலா?

எலிஹு தாம்சன் 1886இல் ஸ்பாட் வெல்டிங்கைக் கண்டுபிடித்தார் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் பலரும் கேள்வியின்றி எடுத்தாளும் செய்தி. அவ்வாண்டு ஆகஸ்ட் 10இல் அமெரிக்காவில் அவர் பெற்ற 3,47,140ஆம் எண் காப்புரிமையே இதற்குச் சான்று. ஆனால் அதில் முதன்மையாக இருப்பது கம்பிகளையும் தண்டுகளையும் முனையோடு முனை வைத்து, மின்சாரம் செலுத்தி, அழுத்தி இணைக்கும் முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரு தகடுகளைக் குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் உருக்குவது வேறு வேலை.  தாம்சனின் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டிய இணை ஆவணம் ஒன்று உண்டு.

அது ஆஸ்திரியா-ஹங்கேரியைச் சேர்ந்த யோகன் ஹர்மட்டா பெயரிலான 10,46,066ஆம் எண் காப்புரிமை. வழங்கப்பட்டது 1912 டிசம்பர் 3இல். தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் உரிமையை இதுதான் கோருகிறது. இதைக் கையில் வைத்து ஃபோர்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்ததோ தாம்சன் பெயரையே தாங்கிய நிறுவனம். 1886ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே ஸ்பாட் வெல்டிங் அடங்கியிருந்தால் ஹர்மட்டாவின் உரிமையை அந்த நிறுவனம் நாடியது ஏன்? பழைய உரிமை 17 ஆண்டில் காலாவதியானதால் புதியதைத் தேடினார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அதை முற்றாகத் தள்ள முடியாது. இருந்தும், பழைய முறையே போதுமானதாக இருந்திருந்தால் அது 1903க்குப் பின் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாகிவிட்டிருக்கும், வழக்குக்கே இடமிருந்திருக்காது.

1924இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹர்மட்டாவின் உரிமை செல்லாது என்றது. முன்பே இருந்த முறைகளிலிருந்து, தொழில் தெரிந்தவரின் திறமையாலேயே எட்டக்கூடிய முன்னேற்றம் இது, புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். அதாவது இந்த முறை பட்டறைத் திறமையில் விளைந்தது. தீர்ப்பு இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். தகடு இணைப்பு எந்த ஆண்டில் பட்டறை வழக்கமானது என்பதைக் காப்புரிமைத் தேதிகளைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது.

அந்தத் திறமை இன்றும் கண்ணுக்குத் தெரிவது. 1 மி.மீ. தகடுகள் இரண்டை இணைக்கச் சுமார் 8,000 முதல் 10,000 ஆம்பியர் மின்சாரம் கால் நொடிக்கும் குறைவாகப் பாய்கிறது; நடுவே ஏறக்குறைய 5 மி.மீ. அகலத்தில், நக்கெட் எனப்படும் உருகி உறைந்த இணைப்புப் பொட்டு உருவாகிறது. வெல்டிங் கன்னின் செம்பு முனையான டிப் அடிபட்டுப் பரந்துவிட்டால் அதே மின்சாரம் அகன்ற பரப்பில் சிதறி, வெல்டு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உளி வைத்துத் தட்டினால் பிரிந்துவிடும். எப்போது டிப்பைச் சீவ வேண்டும் என்பதைத் தடத்தைப் பார்த்தே சொல்லும் ஆட்கள் உற்பத்தி லைனில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் பற்றவைப்பின் வரலாற்றைப் பெரிய பெயரிலிருந்து தொடங்கும் பழக்கம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலையில் 1998இல் முதல் கார் வெளிவந்ததையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியதையும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஆனால் 1955இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து வடிவமைப்பில், முழுக்கப் பற்றவைத்த எஃகுக் கூடுகளைச் செய்யத் தொடங்கிவிட்டது. பெருநகர் போன்ற உத்திரமேரூர் வட்டத்து ஊர்களில் ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்களுக்கு இந்த நீண்ட வரிசையைப் பாடமாகவே சொல்ல வேண்டும். 1886ஐ ஸ்பாட் வெல்டிங்கின் பிறப்பு ஆண்டாக அச்சிடுவதைப் பாடநூல் எழுதுவோர் நிறுத்த வேண்டும்.